ஏழாவது ஈரல்

சுகிர்தனின் உயிருக்கு விலை கிலோவுக்கு ஐம்பது ரூபா. ஞானமலர் அக்கா ஆயிரத்துத் தொளாயிரம் என்றா, நான் ஆயிரத்து எண்ணூற்றைம்பது என்றேன். நடுவில் கிடந்த அந்த ஐம்பதுக்குள்தான் பொடியன்ர உயிர் போய் மாட்டியது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கேட்ட விலைக்கே எடுத்திருப்பேன் என்று எழுத ஆசைதான். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

நான் முனீப், தீவாருக்கு 'நானா', அதாவது அண்ணன். மூதூரில் கருவாட்டுக்கடை. வாப்பாவும் கருவாடு, வாப்பாவின் வாப்பாவும் கருவாடு. எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கும் இரண்டு தரம் விலை கேட்பார்கள் என்று ஊரில் ஒரு பகிடி உண்டு. மாதம் இரண்டு முறை முரல்தீவுக்குப் போய் கட்டா மீன் கருவாடு எடுத்துவருவது என் வழக்கம்.

முரல்தீவு எங்கள் இறங்குதுறையிலிருந்து படகில் முக்கால் மணித்தியாலம். ஐந்து வீடு, பதினொரு பேர், ஒரு கிணறு, ஒரு மாதா கூடு. கடை இல்லை, மருந்து இல்லை. போன் சிக்னல் வேண்டுமென்றால் தென்முனையில் உள்ள பாறையில் ஏறி நிற்கவேண்டும். அன்றைக்கு ஐந்து வீட்டில் நாலு பூட்டிக் கிடந்தது. திருகோணமலையில் ஒரு கலியாணம், எல்லோரும் போய்விட்டார்கள். நான் வருவேன் என்று ஞானமலர் வீட்டார் மட்டும் நின்றார்கள்: அவ, மகள் நிவேதிகா, மருமகன் சுகிர்தன். சுகிர்தன் நிலாவெளிப் பொடியன். கலியாணம் முடித்துத் தீவுக்கு வந்து ஆறு மாதம். காலையில் என்னை மூதூரில் வந்து ஏற்றியதும் அவன்தான். தீவில் அன்று நின்ற ஒரே படகு அவனுடையது.

விலை முடியவில்லை. ஏழு கட்டுக் கருவாடும் படகில் ஏற்றியாயிற்று, காசுதான் இழுபறி.

"அக்கா, கச்சான் காத்துக் காலம். கரையில கருவாடு மலிஞ்சு போய்க் கிடக்கு."

"மலிஞ்சு கிடந்தா அங்கேயே எடுங்கோவன் நானா. ஏன் கடல் கடந்து இங்க வாறீங்கள்?"

"உங்கட முகத்தைப் பாக்கத்தான்."

"முகத்துக்குத் தனி விலை. முதல்ல மீனுக்குத் தாங்கோ."

இப்படியே பதினொரு மணியாயிற்று. "சரி, சாப்பிட்டுட்டுக் கதைப்பம்," என்று சொல்லிவிட்டு அவ மீன் வெட்ட உட்கார்ந்தா. அன்று வலையில் பட்டது பேத்தை.

பேத்தை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிடித்தால் பந்துபோல் ஊதுகிற மீன். ஈரலில் நஞ்சு, சினையில் நஞ்சு. சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள், ஆகவே முரல்தீவார் தாங்களே தின்பார்கள். விற்க ஏலாத சரக்கை வீட்டில் தின்று தீர்ப்பது எல்லா வியாபாரியும் செய்வதுதான். ஆனால் இவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. சினை மீனைக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். மற்றதை ஒருவர்தான் வெட்டவேண்டும், அந்தத் தீவில் அது ஞானமலர் அக்கா. வெட்டிய தலைகளை வலப்பக்கம் மணலில் வரிசையாக வைப்பா. ஈரல்கள் இடப்பக்கம் ஒரு வாழையிலையில். முடிந்ததும் தலைகளை எண்ணுவா, பிறகு ஈரல்களை ஒவ்வொன்றாகத் தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டு வாய்விட்டு எண்ணுவா. இரண்டும் சரிவந்தால்தான் சட்டி அடுப்பில் ஏறும்.

அவ எண்ணுகிற நேரம் தீவில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு தண்ணீர்க்கரைக்குப் போய்விடுவார்கள். இது எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக அவவின் கையால் பேத்தை தின்கிறேன், தெரியாமல் இருக்குமா?

ஆனால் வாப்பா கடையில் எனக்குப் படிப்பித்த முதல் பாடம் வேறு. எதிராளி எண்ணுகிறபோது அவனிடம் இலக்கம் சொல்லிக் கதை கொடு. அவன் தடுமாறுவான். தடுமாறியவன் அலுத்துப்போவான். அலுத்தவன் விலை விடுவான். நாற்பத்தொன்பது வயதில் அது எனக்குப் பாடமில்லை, கொட்டாவி மாதிரித் தானாக வருகிற பழக்கம்.

தலை ஏழு என்று எண்ணி முடித்தா. ஈரலைத் தொடங்கினா.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

நான் மணலில் குந்தியிருந்து பல்லுக்குத்திக்கொண்டிருந்தேன். அவ தளர்ந்திருந்தா, வெயிலுக்கு முகம் சிவந்திருந்தது. இதுதான் நேரம் என்று உள்ளே இருந்த வியாபாரி சொன்னான்.

"நாலு... ஐஞ்சு..."

"அக்கா, ஆறு கட்டு ஆயிரத்தெண்ணூற்றைம்பதுக்குப் போடுங்கோ," என்றேன். "மற்றதுக்கு நீங்க கேட்ட விலை."

அவ நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் எனக்கு எதிரே விரித்து, பேசாதே என்று காட்டினா. பிறகு கடைசி ஈரலை எடுத்துச் சிரட்டைக்குள் போட்டு, "ஏழு," என்றா. சிரட்டையை இன்னொரு சிரட்டையால் மூடினா. சட்டி அடுப்பில் ஏறியது.

ஐந்துக்குப் பிறகு ஏழு. நடுவில் இருந்த ஆறு என் வாயிலிருந்து வந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இலை வெறுமையாக இருந்தது, அவவும் சந்தேகப்படவில்லை.

பன்னிரண்டரைக்கு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவ எப்போதும் கடைசியில்தான். குழம்பு பற்றிப் பொய் சொல்லமாட்டேன், நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் சோறு போட்டேன், இழுபறியில் நின்ற ஐம்பதை இதில் சரிக்கட்டலாமோ என்ற யோசனையோடு.

அவ குசினிக்குப் பின்னால் குழி வெட்டிக் கழிவைப் புதைக்கப் போனா. நாய் தோண்டாமல் ஆழமாகப் புதைக்கவேண்டும், புதைக்கிறபோது இன்னொருக்கால் எண்ணவேண்டும். அதுவும் முறைதான். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே அவ எண்ணுகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்ப முதலிலிருந்து கேட்டது. மூன்றாம் தரமும் கேட்டது.

அவ சிரட்டையோடு வந்தா. முகம் சாம்பல்.

"ஆறுதான் கிடக்கு," என்றா.

நிவேதிகா சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"காகம் எடுத்திருக்கும் அம்மா," என்றாள் நிவேதிகா.

"மூடி வைச்சனான்."

"நாய்?"

நாய் வாசலில் கட்டிக் கிடந்தது, எங்களைப் பார்த்து வாலாட்டியது. அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அக்கா சட்டியை அப்படியே மணலில் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகப் புரட்டினா. சின்ன மீன் ஒன்றில் ஈரல் உடைந்து முள்ளோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். துண்டோடு துண்டாகச் சட்டிக்குள் போயிருக்கும். சட்டிக்குள் அது இல்லை.

சட்டிக்குள் இல்லையென்றால் மூன்று வயிற்றில் ஒன்றுக்குள்.

பேத்தை நஞ்சுக்கு முதலில் மரப்பது உதடு. நான் நாக்கால் என் சொண்டைத் தடவிப் பார்த்தேன். உணர்ச்சி இருந்தது. ஒரு நிமிஷத்தில் திரும்பத் தடவினேன். குறைந்த மாதிரி இருந்தது. மிளகாயா, மரணமா என்று சொண்டுக்குத் தெரியுமா? கலிமாவைச் சொல்லிக்கொண்டேன். சொல்லுகிறபோதே, மூதூரில் கடைச்சாவி எந்த அலுமாரியில் என்று மனுசிக்குச் சொல்லவில்லையே என்றும் ஓடியது. பயம் வந்தால் மனிதன் நல்லவனாகிறான் என்கிறார்கள். நான் பார்த்ததில் அவன் அதே மனிதன்தான், கொஞ்சம் வேர்த்திருப்பான்.

அப்போது சுகிர்தன் சொன்னான், சிரித்தபடியே சொன்னான்: "மாமி, எனக்கு வந்த ஒரு துண்டு நெய் மாதிரி நாக்கில கரைஞ்சுது. அதுதான் நல்லாயிருந்தது. நீங்கள் இதையா தேடுறீங்கள்?"

நிலாவெளியில் அவர்கள் பேத்தை தின்பதில்லை. எது ஈரல், எது இறைச்சி என்று அவன் நாக்குக்குத் தெரியாது. சிரித்த வாய் மெல்ல மூடியது. எங்கள் முகங்களில் அவன் தன் பதிலைப் படித்தான்.

"நிவேதி, போன்!" என்றா அக்கா. நிவேதிகா பாறைப்பக்கம் ஓடினாள்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "சொண்டு மரக்குது," என்றான். பிறகு விரல் நுனி. பிறகு எழும்பப் பார்த்தான், முழங்கால் துணிபோல மடிந்தது. வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது. "மாமி, பயமாக் கிடக்கு" என்பதுதான் எனக்கு விளங்கிய கடைசிச் சொல். இருபத்தாறு வயது ஆம்பிளை, கரைவலை இழுத்த தோள், பச்சைப்பிள்ளை மாதிரி அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்தான். பிடித்த கை கொஞ்சநேரத்தில் தானாக விட்டது.

நிவேதிகா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அம்புலன்சுக்கு எடுத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை அமைதியாகச் சொன்னாளாம்: மாற்று மருந்து என்று ஒன்றும் இல்லை. மூச்சு நின்றுபோகும், நிற்கவிடக்கூடாது. திருகோணமலைத் துறைமுகக் கரைக்குக் கொண்டுவாங்கோ, வண்டி நிற்கும். வழியில் மூச்சு நின்றால் தாடையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். ஐந்து எண்ணி ஒரு மூச்சு. மெஷின் வரும்வரை விடக்கூடாது.

கருவாடு காயப்போடுகிற படங்குத் துணியில் அவனைப் போட்டு இழுத்தோம். படகிலிருந்த ஏழு கட்டையும் நானே தூக்கிக் கரையில் எறிந்தேன். அந்தப் பாரத்தோடு எதிர்க்காற்றில் போக ஏலாது. அவற்றின் விலை பற்றி அப்போது ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

நிவேதிகா இஞ்சினை இழுத்து எடுத்தாள். தீவுப் பெட்டை, நடக்கப் பழக முதல் படகு பழகியவள். கச்சான் நேரே முகத்தில் அடித்தது. ஒவ்வொரு அலைக்கும் படகு ஏறி விழுந்தது. சோமாலை எனும் செபமாலையும் கையுமாக அக்கா அவன் தலையை மடியில் வைத்திருந்தா. கால்வாசி தூரத்தில் அவனுடைய நெஞ்சு ஏறுவது நின்றது.

அவவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மருமகன் வந்தால் எழும்பி நிற்கிற, நேரே முகம் பார்த்துக் கதைக்காத மாமி.

"நான் தலையைப் பிடிக்கிறன்," என்றா. "நான் எண்ணுறன். நீங்கள் ஊதுங்கோ."

"அக்கா, எனக்கு இது..."

"ஊதுங்கோ!"

ஊதினேன். வாந்தி மணத்தது, உப்பு மணத்தது. நெஞ்சு ஏறியது. வாயை எடுத்தேன், இறங்கியது.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, ஐஞ்சு. ஊதுங்கோ!"

அவன் கண் திறந்தபடி இருந்தது. அதுதான் என்னால் இன்னமும் மறக்க முடியாதது. இமை அசையவில்லை. கண் என்னையே பார்த்தது, பார்க்கிறதா இல்லையா என்று தெரியாமல் பார்த்தது. செத்த மீனின் கண்ணை வாழ்நாள் முழுக்கப் பார்த்து விலை சொன்னவன் நான். இந்தக் கண்ணுக்கு என்னால் விலை சொல்ல முடியவில்லை.

"நாலு, ஐஞ்சு. ஊதுங்கோ!"

அப்போதுதான், அந்த எண்ணிக்கை காதில் விழ விழ, காலையில் நடந்தது எனக்கு உறைத்தது. நாலு, ஐஞ்சு. ஐஞ்சுக்குப் பிறகு ஆறு. ஆறு யார் சொன்னது?

அவவிடம் சொல்லப் பயம். சொன்னால் அவ எண்ணுவது நிற்கும், எண்ணுவது நின்றால் இவன் போய்விடுவான். ஒருக்கால் குழப்பியது போதும். ஆனால் உள்ளே வைத்திருக்கவும் முடியவில்லை. இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில், ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையில் அவன் காதுக்குள் சொன்னேன்.

"தம்பி, நான்தான்டா. உன்ர மாமியில பிழையில்ல. எண்ணேக்க நான்தான் வேணுமெண்டு குறுக்க கதைச்சனான். ஐம்பது ரூபாவுக்கு."

"ஐஞ்சு. ஊதுங்கோ!"

ஊதினேன். செத்தவனிடம் சொன்ன ரகசியம் பெட்டிக்குள் பூட்டிய காசு மாதிரி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். அதுக்காக ஊதுவதை நிறுத்தவில்லை. தலை சுற்றியது, கண் இருட்டியது. எனக்கும் நஞ்சு ஏறுகிறதா, மூச்சுத்தான் முடிகிறதா என்று தெரியவில்லை. திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் வீடுகள் தெரிய எவ்வளவு நேரம் ஆனதென்று பிறகு நிவேதிகா சொன்னாள், ஐம்பத்திரண்டு நிமிஷமாம். கரையில் வெள்ளை வண்டி நின்றது. இரண்டு பேர் படகுக்குள் குதித்தார்கள். ஒருவன் என் தோளைப் பிடித்து, "விடுங்க ஐயா, இனி நாங்க," என்றான். விட எனக்குப் பயமாக இருந்தது. பிடித்து இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னையும் நிவேதிகாவையும் கட்டிலில் போட்டு இரவு முழுக்கப் பார்த்தார்கள். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஏழாவது முழுசாக அவனுக்குத்தான் போயிருந்தது. அவன் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், மெஷின் மூச்சில்.

காலையில் இளம் டொக்டர் ஒருத்தி வெளியே வந்தா. அக்கா கதிரையிலிருந்து எழும்பினா.

"விரல் அசையுது," என்றா டொக்டர். "மத்தியானத்துக்குள்ள குழாயை எடுக்கலாம் எண்டு நினைக்கிறம். போய்ப் பாருங்கோ, கதை குடுங்கோ. அவருக்கு எல்லாம் கேக்கும். நேற்றும் கேட்டிருக்கும். இந்த நஞ்சு உடம்பைத்தான் கட்டும். காது, மூளை எல்லாம் விழிப்பாத்தான் இருக்கும்."

அக்கா அழுதா. நிவேதிகா அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் அழுகைக்குள் வேறொரு சரக்கும் கலந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கும்! படகில் காதுக்குள் சொன்னதும் கேட்டிருக்கும். மத்தியானம் குழாயை எடுப்பார்கள். குழாயை எடுத்தால் வாய் வரும்.

நிவேதிகா உள்ளே போனாள். நாங்கள் இருவரும் வாங்குப் பலகையில் தனியே. அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"பதினெட்டு வயசில இருந்து வெட்டுறன்," என்றா. "ஒருக்காலும் பிழைச்சதில்ல. நேற்று எனக்கு என்ன நடந்தது? நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள் நானா. நான் ஏழு எண்டுதானே எண்ணினனான்?"

சுவரிலிருந்த மணிக்கூட்டில் ஒன்பதரை. சரக்கில் பழுது இருந்தால் வாங்குகிறவன் கண்டுபிடிக்க முதல் நாமே சொல்லிவிடவேண்டும், விலை குறையும், உறவு முறியாது. இதுவும் வாப்பாவின் பாடம்தான். நான் நேர்மையால் சொன்னேனா, கணக்குப் பார்த்துச் சொன்னேனா என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"நீங்க ஐஞ்சு எண்டு சொல்லேக்க நான் ஆறு எண்டு சொன்னனான், அக்கா. கருவாட்டுக் கட்டின்ர கணக்கு. வேணுமெண்டுதான் சொன்னனான். உங்களைத் தடுமாற வைக்க."

அவ என்னைப் பார்த்தா. நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன், அவ்வளவு நீளமாகப் பார்த்தா. ஒரு நேர்ஸ் வண்டிலைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனா.

"ஆறு நீங்கள் சொன்னீங்கள்," என்றா மெதுவாக. "ஓம். எனக்கு ஞாபகம் வருது."

"முழுக்க என்ர பிழை."

"முழுக்க இல்ல. ஆரும் கதைச்சா முதல்ல இருந்து எண்ண வேணும். அதுதான் முறை. நான் எண்ணேல்ல. வெயில், பசி. உங்களை அனுப்பிப்போட்டுப் படுக்கவேணும்போல கிடந்தது."

"அக்கா, முழுக்க என்ர தலையில போடுங்கோ."

"பாதி."

"முக்கால்."

"ஏலாது. பாதிக்கு மேல தரமாட்டன். வெட்டினது என்ர கை."

பதினைந்து வருஷத்தில் முதல் தரம் நான் கூட்டிக் கேட்டேன், அவ குறைத்துத் தந்தா. அதற்கு மேல் என்னால் பேரம் பேச முடியவில்லை. அவ மடியிலிருந்த சோமாலையை எடுத்து, மணியில் விரல் வைத்து, செபம் சொல்லாமல் கணக்குச் சொன்னா.

"தலை ஏழு. ஈரல் எடுத்தது ஆறு, தப்பினது ஒண்டு. தப்பினதில அரை என்ர பக்கம், அரை உங்கட பக்கம். என்ர அரையை நான் உள்ள போய் அவனிட்டச் சொல்லுவன். உங்கட அரை நிலுவை, அதை நீங்கள்தான் அவனிட்டத் தீர்க்கவேணும்."